இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவருக்கு இரட்சிப்பே இல்லையா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தாயாருக்கு வயது 81. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழந்தையாக ஞானஸ்நானமும் பின்னர் தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தலும் பெற்று, நடமாட முடிந்தவரை ஓர் ஞாயிறும் ஆராதனையைத் தவறவிடாமல் வாழ்ந்தவர். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார்.

சென்ற மாதம் வேறொரு சபையிலிருந்து சிலர் ஜெபிக்க வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களில் ஒருவர் அம்மாவிடம், "இன்று இரவே நீங்கள் மரித்தால் பரலோகம் போவீர்கள் என்ற நிச்சயம் உண்டா?" என்று கேட்டார். "ஆண்டவர் என்னைத் தள்ளமாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்றார் அம்மா. "நம்புகிறேன் என்பது போதாது, தெரியும் என்று சொல்லவேண்டும், எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. அம்மாவுக்கு நாள் சொல்லத் தெரியவில்லை. நிச்சயம் இல்லாதவர் இன்னும் இரட்சிக்கப்படாதவர் என்று சொல்லி, ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இரவில் அவருக்குத் தூக்கம் இல்லை. அந்த ஜெபத்தைச் சரியாகச் சொன்னேனா என்று என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார்.

நான் வேதத்தைத் திறந்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம். தம் ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்து பறித்துக்கொள்ள முடியாது என்று யோவான் 10-இல் ஆண்டவர் சொல்கிறார். ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கென்று புதுப்பிக்கக் கூடாது என்று எபிரெயர் 6 சொல்கிறது. பவுலோ பயத்தோடும் நடுக்கத்தோடும் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படச் சொல்கிறார். எனவே இரண்டு கேள்விகள். தம் நித்திய வாழ்வைக் குறித்து ஒரு கிறிஸ்தவர் நிச்சயமாக அறிந்திருக்க முடியுமா? அவ்வாறு அறியாதவர் இரட்சிப்புக்கு வெளியே இருக்கிறாரா?


ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

சகோதரி, இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கேட்டதே பாதி விடை. அம்மாவிடம் பேசியவர்கள் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். முதல் கேள்விக்கு, முடியும் என்பதே சீர்திருத்தத் திருச்சபைகளின் பதில். இரண்டாவதற்கு, இல்லை என்பதே அதே திருச்சபைகள் வெகுகாலம் யோசித்துக் கண்டடைந்த பதில்.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் விசுவாசத்தின் இலக்கணத்திலேயே நிச்சயம் என்ற சொல் வந்துவிடுகிறது: "காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்பது எபிரெயர் 11:1. சீர்திருத்த இறையியலாளர் கால்வின் விசுவாசத்தை வரையறுத்தபோதும், கிறிஸ்துவுக்குள் தேவன் நம்மேல் வைத்திருக்கிற தயவைப் பற்றிய உறுதியான, நிச்சயமான அறிவு என்றே வரையறுத்தார். சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலாகிய 1563-ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை 21-ஆம் வினாவில் இதே வழியில் செல்கிறது. ஆனால் கால்வின் அந்த வரையறையை எழுதிய அதே அத்தியாயத்தில், சந்தேகம் தீண்டாத நிச்சயத்தைத் தாம் கற்பனை செய்யவில்லை என்றும், விசுவாசிகள் தங்கள் அவிசுவாசத்தோடு ஓயாமல் போராடுகிறவர்கள் என்றும் எழுதியிருக்கிறார். வரையறையை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

அடுத்த இரண்டு தலைமுறைகளில் ஆயர்களுக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. "கிறிஸ்து இரட்சகர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, என் விசுவாசம் மெய்யானதுதானா என்பதில்தான் சந்தேகம்" என்று சொல்கிறவர்கள் அவர்களிடம் வந்தார்கள். இங்கிலாந்தின் தூய்மைவாத ஆயர்களுடைய எழுத்துகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்களுக்காகவே எழுதப்பட்டது. அந்த அனுபவத்தின் பலன்தான் 1646-இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 18-ஆம் அதிகாரம். வாக்குத்தத்தங்களாலும், கிருபையின் அடையாளங்களாலும், ஆவியானவரின் சாட்சியாலும் தவறாத நிச்சயத்தை அடைய முடியும் என்று அது சொல்கிறது. உடனே, இந்த நிச்சயம் விசுவாசத்தின் சாரத்தைச் சேர்ந்ததன்று என்றும், மெய்யான விசுவாசி ஒருவர் அதை அடைவதற்கு முன் நெடுங்காலம் காத்திருக்கவும் பல இடர்களோடு போராடவும் நேரலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறது. பெற்ற நிச்சயமும் அசைக்கப்படலாம், குறையலாம், விட்டுவிட்டு வரலாம் என்கிறது.

இனி அந்த "எந்த நாளில்" என்ற கேள்வி. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1687-இல் லூனபர்க் நகரில், யோவான் 20:31-ஐ வைத்துப் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற இளைஞர், தாம் பிரசங்கிக்கப்போகும் விசுவாசம் தம்மிடமே இல்லை என்று கண்டு திகைத்து, முழங்காலில் நின்று, எழுந்தபோது சந்தேகமெல்லாம் நீங்கியவராக எழுந்தார். பிற்பாடு ஹாலே நகரில் அவரைச் சுற்றி வளர்ந்த பக்தி இயக்கத்தில் இத்தகைய போராட்டமும் திருப்பமும் எல்லாருக்கும் உரிய முன்மாதிரிபோல ஆகிவிட்டன. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் அந்த மரபினரே. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு 1738-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி இரவு, ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் இரட்சிப்பின் நிச்சயம் கிடைத்ததை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். மணிக்கணக்கு வரை சொல்லக்கூடிய அனுபவம் அது.

கேட்காதது என்னவென்றால், அதே வெஸ்லி 1768-இல் எழுதிய ஒரு கடிதத்தில், தாம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு நீதிமானாக்கும் விசுவாசத்துக்கு இன்றியமையாதது என்று பல ஆண்டுகளாகத் தாம் எண்ணுவதில்லை என்று தெளிவாகச் சொன்னார். பாவமன்னிப்பை உணராதவர்கள் தேவகோபத்தின்கீழ் இருக்கிறார்கள் என்று தாமும் தம் சகோதரர் சார்லஸும் இளமையில் பிரசங்கித்தபோது, ஜனங்கள் தங்கள்மேல் கல்லெறியாமல் விட்டதே ஆச்சரியம் என்று அவர் முதுமையில் சொன்னதாகவும் ஒரு பதிவு உண்டு. அம்மாவிடம் வந்தவர்கள் 1738-இன் வெஸ்லியோடு நின்றுவிட்டார்கள்.

எபிரெயர் 6-ஐப் பற்றி ஒரு வார்த்தை. மறுதலித்துக் கிறிஸ்துவை அவமானப்படுத்துகிறவர்களை அப்பகுதி எச்சரிக்கிறது. நாம் தள்ளப்பட்டுவிட்டோமோ என்று கண்ணீர்விடுகிறவர்களை அன்று. அதே அதிகாரம் ஒன்பதாம் வசனத்தில், பிரியமானவர்களே, உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று திரும்பி, 19-ஆம் வசனத்தில் ஆத்துமாவின் நங்கூரமாகிய நம்பிக்கையில் போய் முடிகிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதானால் 6-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.


பெரேயா வாசகன் எழுதியது:

ஆயர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அம்மாவிடம் வந்தவர்களின் பக்கமும் ஒருவராவது பேசவேண்டும் என்று கருதுகிறேன். நான் சகோதரர் சபையில் வளர்ந்தவன், அந்தக் கேள்வியை நானும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் பேசிய விதம் தவறு. 81 வயதில் வலியோடு படுத்திருப்பவரிடம் தேர்வு நடத்துவது அன்பாகாது. ஆயினும் கேள்வி எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பன்று. "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கும்" எழுதுகிறேன் என்று 1 யோவான் 5:13 சொல்கிறது. அறியும்படிக்கு என்றிருக்கும்போது, அறிய முயல்வதே ஆணவம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. யோவான் 10-இல் உள்ள வாக்கும் ஆட்டின் பிடியைப் பற்றியதன்று, மேய்ப்பனின் பிடியைப் பற்றியது. ஆகவே மெய்யாகவே அவருடையவர்கள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை என்றே நான் விசுவாசிக்கிறேன். விலகிப்போனவர்களைப் பற்றி, அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை என்று 1 யோவான் 2:19 சொல்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறது, ஆகவே எல்லாம் சரி என்று வாழ்கிற ஆயிரக்கணக்கானோர் நம் ஊர்களில் இல்லையா? 1678-இல் வெளிவந்த ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணக் கதையில், அதாவது எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகமாகத் தமிழில் பாடிய அதே கதையின் மூலத்தில், முடிவில் வரும் மரண ஆற்றை நினைத்துப் பாருங்கள். கதைநாயகனாகிய கிறிஸ்தியான் அதில் ஏறக்குறைய மூழ்கிப்போகிறான். தான் தள்ளப்பட்டுவிட்டதாக அலறுகிறான். கூட வந்தவன் தலையைத் தூக்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. அறியாமை என்ற பெயருடையவனோ வீண்நம்பிக்கை என்ற படகோட்டியின் தயவால் கால் நனையாமல் கடந்து, நகரத்தின் வாசலுக்கே வந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்படுகிறான். மத்தேயு 7-இல் "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்ற வார்த்தையைக் கேட்பவர்களும் நிச்சயத்தோடு வந்து நின்றவர்கள்தாம். நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்பது அந்தப் படகில் ஏறுகிறவர்களுக்காக.


ஓய்வுபெற்ற ஆயர் எழுதியது:

தம்பி, நீங்கள் எடுத்த உதாரணம் உங்களைவிட எனக்கே அதிகம் உதவுகிறது. ஆற்றில் மூழ்கியவன் நிச்சயம் இழந்த நிலையிலும் அக்கரை சேர்ந்தான். நிச்சயத்தோடு படகில் வந்தவன் சேரவில்லை. நிச்சயம் என்ற உணர்வை இரட்சிப்பின் அளவுகோலாக வைத்தால் பன்யனின் கதையே தலைகீழாகிவிடும். அதே கதையில் கிறிஸ்தியான் மலையேறும் வழியில் பந்தலில் தூங்கித் தன் சுருளைத் தவறவிடுகிறான். அந்தச் சுருள் நிச்சயத்தின் அடையாளம். அதைத் தேடி அழுதுகொண்டே திரும்பி நடந்த நேரத்திலும் அவன் பிரயாணியாகத்தான் இருந்தான். பதிவேட்டுக் கிறிஸ்தவர்களைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவர்களுக்குத் தரவேண்டிய மருந்தை இந்தத் தாயாருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.


வடக்கன்குளத்தான் எழுதியது:

கத்தோலிக்கன் என்ற முறையில் சிறிது தயக்கத்தோடு எழுதுகிறேன். உங்கள் தாயார் "நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்ன பதிலை எங்கள் பங்கில் யாரும் குறைவான பதிலாகக் கருதமாட்டார்கள்.

1547-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் எங்கள் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணை, இறுதிவரை நிலைத்திருக்கும் கொடையைத் தாம் பெற்றிருப்பதாக, இறைவனின் தனிப்பட்ட வெளிப்பாடு இல்லாமல், தவறாத உறுதியோடு யாரும் சொல்லிக்கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. இதைக் கேட்டதும் எங்களுக்கு உறுதியே கிடையாது, பயந்து நடுங்கி வாழ்கிறோம் என்று பிற சபை நண்பர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே ஆணையில், இறைவனின் இரக்கத்தையோ கிறிஸ்துவின் பேறுபலனையோ அருளடையாளங்களின் ஆற்றலையோ பக்தியுள்ள எவரும் ஐயுறலாகாது என்றும், அனைவரும் இறைவனின் உதவியில் மிக உறுதியான நம்பிக்கை வைக்கவேண்டும் என்றும் உள்ளது. ஐயம் என் பலவீனத்தைப் பார்க்கும்போது எழுவது. அவரைப் பார்க்கும்போது எழக்கூடாதது.

இதை மிக அழகாகச் சொன்னவர் படிப்பறியாத 19 வயதுப் பெண் ஒருவர். 1431-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், பிரான்சின் ரூவான் நகரில் நடந்த திருச்சபை விசாரணையில், நீ இறையருள் நிலையில் இருக்கிறாயா என்று ஜோன் ஆஃப் ஆர்க்கிடம் கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். அந்தக் கண்ணியை அறிந்தோ அறியாமலோ அவர், நான் அந்த நிலையில் இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருக்கிறேனென்றால் அதிலேயே காப்பாராக என்றார். உங்கள் தாயாரிடம் அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டால் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பதிலை நான் அறியேன்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. உங்கள் வேதாகமத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்றிருப்பது எங்கள் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்றிருக்கிறது. உங்களிடம் இரண்டாவதாக நிற்கும் நம்பிக்கை எங்களிடம் முதலாவதாக நிற்கிறது. ஒரு தமிழ்க் கிழவி "நம்புகிறேன்" என்று சொல்லும்போது விசுவாசம், எதிர்நோக்கு இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கக்கூடும். அதைப் பிரித்து, இது போதாது என்று சொன்னவர்கள் தமிழையும் கொஞ்சம் அவசரமாகக் கேட்டிருக்கிறார்கள்.


தரங்கை எழுதியது:

லுத்தரன் சபையான் சுருக்கமாக. இழந்துபோகவே முடியாது என்று நாங்கள் போதிப்பதில்லை; எங்கள் விசுவாச அறிக்கையாகிய 1530-ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் அறிக்கை 12-ஆம் பிரிவில் அந்தப் போதனையை மறுக்கிறது. ஆகவே சகோதரர் பெரேயா வாசகனோடு இதில் உடன்படமாட்டோம். ஆனால் இன்றைக்கு நான் தேவனுடைய பிள்ளையா என்ற கேள்விக்கு எங்களிடம் தயக்கமில்லாத பதில் உண்டு. லுத்தர் மனச்சோதனையில் அகப்பட்டபோது "நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்ற வார்த்தையைப் பற்றிக்கொள்வார். நான் எவ்வளவு ஆழமாக விசுவாசிக்கிறேன் என்பதை அவர் எண்ணிப்பார்க்கவில்லை. தமக்கு வெளியே, தண்ணீரும் வார்த்தையுமாகத் தமக்குச் செய்யப்பட்ட ஒன்றை நினைத்துக்கொண்டார். அம்மா தம் இரட்சிப்பின் நாளைச் சொல்ல முடியாமல் தவித்தார் என்றீர்கள். சபைப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானத் தேதி இருக்கும். போய்ப் பார்த்து எழுதிவந்து கட்டிலருகே வையுங்கள்.

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி அவுக்ஸ்புர்கில் எங்கள் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையில் இரட்சிப்பின் நிச்சயத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு என்பதையும் வடக்கன்குளத்து நண்பருக்காகச் சொல்லிவைக்கிறேன்.


ஆர்கன் வாசிப்பவர் எழுதியது:

நான் இறையியல் படித்தவனல்லன். சபையில் ஆர்கன் வாசிக்கிறவன். உங்கள் அம்மா தம் வாழ்நாளில் எத்தனையோ முறை பாடியிருக்கக்கூடிய ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்று நாம் தமிழில் பாடும் ஞானப்பாட்டின் மூலத்தை எழுதியவர் வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர். 1763-இல் கடும் மனநோயில் விழுந்து, மருத்துவ இல்லத்தில் இருந்தபோது ரோமர் 3:25-ஐ வாசித்து விசுவாசத்துக்குள் வந்தவர். பின்னர் ஓல்னி என்ற ஊரில் அவ்வூர் ஆயர் ஜான் நியூட்டனுக்கு அடுத்த வீட்டுக்காரர்போல வாழ்ந்து, அவரோடு சேர்ந்து பாடல்கள் எழுதினார். 1773-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோய் திரும்பியது. எல்லாருக்கும் திறந்திருக்கும் கிருபை தமக்கு மட்டும் அடைக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். தாம் எழுதிய பாடல்கள் 1779-இல் நியூட்டனுடைய தொகுப்பில் அச்சேறி ஊரெல்லாம் பாடப்பட்டபோதும், 1800-இல் சாகும்வரையிலும், அந்த ஊற்று தமக்குரியதன்று என்றே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். சுமார் 27 ஆண்டுகள்.

நிச்சயம் இல்லாதவருக்கு இரட்சிப்பு இல்லை என்றால், நாம் அவருடைய பாட்டைப் பாடி நிச்சயம் பெற்றுக்கொண்டு அவரை மட்டும் வெளியே நிறுத்துகிறோம் என்று ஆகும். எனக்கு அது பொறுக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள் சகோதரி: தூக்கமின்மை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, சொன்ன ஜெபம் சரியா என்ற ஓயாத அச்சம் ஆகியவை உடலின் சோர்வாலும் மருந்துகளாலும்கூட வரலாம். அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். எல்லாச் சந்தேகமும் ஆத்துமாவிலிருந்தே புறப்படுகிறது என்று எண்ணவேண்டாம்.


பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மருத்துவரிடம் பேசினேன், இரவு மாத்திரை ஒன்றை மாற்றியிருக்கிறார். சபைப் பதிவேட்டிலிருந்து ஞானஸ்நானத் தேதியையும் எழுதிவந்தேன். அதைப் பார்த்த அம்மா, தம்மை ஏந்தியிருந்த ஞானத்தாயின் பெயரைத்தான் முதலில் கேட்டார்; தேதியைப் பிறகுதான் பார்த்தார்.

நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்ற 1 யோவான் 3:20-ஐ நேற்று வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கூப்பருடைய கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவம், அந்த மனுஷன். அவருக்காக இப்போது ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டார். நம் சபையில் மரித்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கமில்லையே என்றேன். வடக்கன்குளத்து ஐயா சிரிப்பார் என்று நினைக்கிறேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கண்களை மூடிக்கொண்டார். என்ன ஜெபித்தார் என்று நான் கேட்கவில்லை.